பெயர்தான் மாறியது, கை மாறவில்லை

"பெங்களூர் கம்பெனி ஒன்று கொச்சி வீகாலேண்டை விலைக்கு வாங்கி வொண்டர்லா ஆக்கிவிட்டது" என்று மேலே ராயபுரம் அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை அண்ணா, இரண்டு கேளிக்கைப் பூங்காக்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1977-ல் வி-கார்டு ஸ்டெபிலைசர் தொழிலைத் தொடங்கிய கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளிதான் 2000-ல் கொச்சியில் வீகாலேண்டையும் 2005-ல் பெங்களூரில் வொண்டர்லாவையும் திறந்தவர். கொச்சிப் பூங்காவுக்கும் அதே பெயரை வைத்தது அப்புறம்தான்.

தண்டையார்பேட்டையில் எங்கள் ஃபிரிட்ஜுக்கு மேலே, வோல்டேஜ் இறங்கினால் 'டக்'கென்று சத்தம் போடும் ஸ்டெபிலைசர் பெட்டி இருக்கிறதே, அதை விற்றவர்தான் ராட்டினமும் சுற்றவிட்டார்.

2014-ல் வொண்டர்லா பங்குகளைப் பொதுமக்களுக்கு வெளியிட்டார்கள், சரி. அதைத்தான் 'விற்றுவிட்டார்கள்' என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.