சென்ட்ரலிலிருந்து பெரம்பூர்: போகப் பத்து நிமிஷம், வர அரை மணி

விடிகாலையில் சென்னைக்கு வருகிற எல்லாருக்கும் பழகிப்போன காட்சிதான். பெரம்பூர் தாண்டியதும் பெட்டியை இறக்கி, செருப்பைத் தேடி மாட்டி, கதவோரம் வரிசை கட்டியாயிற்று. வண்டி பேசின் பிரிட்ஜ் அவுட்டரில், அதாவது நிலையத்துக்கு வெளியே சிக்னலுக்காக, நின்றுவிடும். "போட்டுட்டான்யா!" என்று நாலு பேர் சலித்துக்கொள்வார்கள். கடைசியில் சென்ட்ரலில் இறங்கி மணியைப் பார்த்தால், டைம்டேபிளில் போட்ட நேரத்துக்கு நாலு நிமிஷம் முன்னதாகவே வந்திருக்கும்.

அப்படி நின்றது தாமதமே இல்லை. நிற்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் டைம்டேபிள் போட்டிருக்கிறார்கள். பெரம்பூரில் நிற்கும் ஏதாவது ஒரு இரவு வண்டியை எடுத்துப் பாருங்கள். சென்ட்ரலிலிருந்து பெரம்பூர் போகப் பத்து, பதினைந்து நிமிஷம். திரும்பி வரும்போது அதே 6 கி.மீ. தூரத்துக்கு அரை மணி வரை ஒதுக்கியிருப்பார்கள். தாம்பரம்–எழும்பூர் பக்கமும் இதே கதைதான், அளவு கொஞ்சம் குறைவு.

இந்தக் கூடுதல் நிமிஷங்கள் எதற்கு? வண்டி ஓடத் தேவையான நேரத்துக்கு மேல் இரண்டு கணக்கில் சேர்க்கிறார்கள். ஒன்று இன்ஜினியரிங் அலவன்ஸ், இன்னொன்று டிராஃபிக் அலவன்ஸ். முதலாவது, தண்டவாள வேலை நடக்கும் இடங்களில் வேகத்தைக் குறைப்பதற்கு. இரண்டாவது, மற்ற வண்டிகளால் வரும் நெரிசலுக்கு. 110 கி.மீ. வேகத்தில் வரும் வண்டிக்கு, ஒரு கிலோமீட்டர் தூரம் 20-இல் போகச் சொல்லி காஷன் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 எல்.எச்.பி. (புது ரக) பெட்டி, இன்ஜின் எல்லாம் சேர்த்து வண்டியின் நீளம் சுமார் 550 மீட்டர். கடைசிப் பெட்டி அந்த இடத்தைக் கடக்கும்வரை லோகோ பைலட் வேகம் எடுக்க முடியாது. ஆக 1.55 கி.மீ. தூரம் 20-இல் ஊர வேண்டும்: நாலரை நிமிஷத்துக்கு மேல். சாதாரணமாக ஒரு நிமிஷத்துக்குள் முடிந்திருக்கும். முன்னால் பிரேக் பிடித்ததும் பின்னால் வேகம் எடுத்ததும் சேர்ந்தால், ஒரே ஒரு காஷனில் ஐந்தாறு நிமிஷம் காலி. ஒரு ராத்திரியில் இப்படி மூன்று வந்தால் கால் மணிக்கு மேல் போய்விடும்.

சரி, அதைக் கொண்டுபோய் ஏன் கடைசியில் வைக்கிறார்கள்? பயணிகள் வண்டி எந்த நிலையத்திலும் அறிவித்த நேரத்துக்கு முன்னால் கிளம்பக் கூடாது. ஜோலார்பேட்டைக்கும் காட்பாடிக்கும் நடுவில் 20 நிமிஷம் வைத்தால், தடங்கல் இல்லாத ராத்திரியில் வண்டி சீக்கிரமே காட்பாடிக்கு வந்து, பிளாட்ஃபார்மை அடைத்துக்கொண்டு சும்மா நிற்கும். அதே வண்டிக்கு அரக்கோணத்தில் ஒரு சிக்னல் கோளாறு என்றால் கையில் ஒரு நிமிஷம்கூட மிச்சம் இருக்காது. கடைசியில் வைத்தால் வழியில் எங்கே தவறினாலும் ஈடுகட்டலாம்.

விடிகாலையில் மட்டும் இது பெரிதாகத் தெரிவதற்கும் காரணம் இருக்கிறது. ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் சென்னை என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். மூன்று மணிக்குக் கொண்டுவந்து இறக்கினால் திட்டுவார்கள். அதனால் வண்டிகள் எல்லாம் நாலு மணிக்கும் ஏழரைக்கும் நடுவில் வந்து குவிகின்றன. சென்ட்ரலில் 2ஏ-வையும் சேர்த்து 12 பிளாட்ஃபார்ம். அரக்கோணம் பாதையும் கூடூர் பாதையும் பேசின் பிரிட்ஜில்தான் சேர்கின்றன. ஆட்களை இறக்கிய காலி ரேக்கையும் (பெட்டித் தொடரையும்) அதே வாய் வழியாகத்தான் யார்டுக்குத் தள்ள வேண்டும். 15 கி.மீ. வேகம் என்றால் நிமிஷத்துக்கு 250 மீட்டர். 550 மீட்டர் ரேக் ஒரு பாயின்ட்டை (தடம் பிரியும் இடத்தை) கடக்கவே இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை அதன் குறுக்கே போகிற எந்த வழிக்கும் சிக்னல் விழாது. உங்கள் வண்டி அவுட்டரில் நிற்பது பெரும்பாலும் இந்தக் காலி ரேக்குக்காகத்தான்.

ஆகவே கூடுதல் நேரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மொத்தத்தையும் கடைசி ஆறு கிலோமீட்டரில் கொட்டுவதைத்தான் குறை சொல்கிறேன். நம் ரயில்வேயில் நேரந்தவறாமையை அளப்பது வண்டி முடியும் நிலையத்தில் மட்டும். அதிலும் 15 நிமிஷம் வரை பிந்தினால்கூட 'சரியான நேரம்' என்றே கணக்கு. 2022-இல் வந்த சி.ஏ.ஜி. (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கையும் இதைச் சுட்டிக்காட்டியது. காட்பாடிக்கு 25 நிமிஷம் தாமதமாக வந்த வண்டி சென்ட்ரலில் உத்தமனாகிவிடுகிறது. காட்பாடியில் இறங்கி வேலூருக்கு பஸ் பிடிக்க ஓடியவரின் 25 நிமிஷம் நேரந்தவறாமைக் கணக்கில் ஏறாது.

ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் மூன்றிலும் நேரத்தை அளந்து வெளியிடட்டும். ஆளுக்கு ஐந்து நிமிஷம் அங்கங்கே பிரித்து வைக்கட்டும். தண்டவாளம் மாற்றி முடித்ததும், அதற்காகச் சேர்த்த நிமிஷங்களை மறக்காமல் எடுக்கட்டும். சேர்க்கும்போது இருக்கிற சுறுசுறுப்பு எடுக்கும்போது இருப்பதில்லை.

அழைத்துப்போக ஆள் வருவதாக இருந்தால், அரக்கோணத்தில் பத்து நிமிஷம் லேட் என்று பார்த்துவிட்டு அவரைத் தாமதமாக வரச் சொல்லாதீர்கள். வண்டி சரியான நேரத்துக்கே வந்துவிட வாய்ப்பு அதிகம். வில்லிவாக்கம், அயனாவரம் பக்கம் வீடு என்றால் பெரம்பூரிலேயே இறங்கிவிடுங்கள். சென்ட்ரல்வரை போகிறவர்கள் பெட்டியை அவசரமாக இறக்க வேண்டாம். தனித் தடத்தில் வரும் மூர் மார்க்கெட் லோக்கல் ஜன்னலுக்கு வெளியே உங்களை முந்திப் போகும். அதற்குப் பிறகு செருப்பைத் தேடினால் போதும்.