அந்தப் பெண்ணுக்கும் ஒரு கதை இருந்திருக்கும்

அல்ஃபோன்சோ குவாரோன் 2006இல் எடுத்த 'சில்ட்ரன் ஆஃப் மென்' படத்தின் கதை 2027இல் நடக்கிறது. 18 வருடமாக உலகத்தில் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. தஞ்சம் தேடி வந்தவர்களைப் பிரிட்டன் பிடித்துக் கூண்டில் அடைக்கிறது.

அந்தக் கூண்டை யாரும் நமக்குச் சுட்டிக்காட்டுவதில்லை. கதாநாயகன் தியோ ரயில் நிலையத்தில் தன்பாட்டுக்கு நடந்து போகிறான், ஓரத்தில் கம்பிக்குப் பின்னால் மனிதர்கள் நிற்கிறார்கள். அவனுக்கு அது பழகிவிட்டது. படத்தின் பெரிய பலம் இதுதான். ஒளிப்பதிவாளர் லுபெஸ்கியின் கேமராவைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். அகதி முகாமாக மாற்றப்பட்ட பெக்ஸ்ஹில் ஊரில் நடக்கும் சண்டையில் லென்ஸில் தெறித்த ரத்தத்தோடு அது ஓடிக்கொண்டே இருப்பது அப்படியொரு துணிச்சல்.

நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம், டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லைனில் வளர்ந்தவளுக்கு இது வெறும் கற்பனை இல்லை. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று இரண்டு அரசுகள் பேசி முடித்தன. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று, அப்புறம்தான் இந்த மலை. இங்கே வந்தும் 'சிலோன்காரங்க' என்றுதான் பெயர். படத்தில் வரும் துப்பாக்கியும் நாயும் எங்கள் கதையில் இல்லை. ஆனால் நாம் எங்கே இருக்க வேண்டும் என்பதை இன்னொருவர் தாளில் எழுதுவது இருந்தது. பெக்ஸ்ஹில் முகாமுக்குள் பேருந்து நுழையும் காட்சியை என் அப்பாயிக்குப் போட்டுக்காட்ட எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான், தியோ காப்பாற்றிக் கூட்டிப்போகிற கர்ப்பிணிப் பெண் கீ விஷயத்தில் எனக்குக் கோபம். பி. டி. ஜேம்ஸின் 1992 நாவலில் கருவுறுவது ஜூலியன் என்ற ஆங்கிலேயப் பெண். அதை ஆப்பிரிக்க அகதிப் பெண்ணாக மாற்றியது நல்ல முடிவு. சரி, மாற்றினீர்களே, அவளுக்கு ஊர் உண்டா, அங்கே யாரை விட்டுவந்தாள்? ஒன்றும் தெரியாது. பிறந்த குழந்தைக்குக்கூடத் தியோவின் இறந்த மகன் பெயர்தான். மலட்டுத்தன்மைக்குக் காரணம் சொல்லவில்லை என்று குறைபடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒரு குறையே இல்லை.

குழந்தையின் அழுகை கேட்டுப் படைவீரர்கள் சுடுவதை நிறுத்தி, குழந்தையோடு கீயும் தியோவும் கடந்து போனதும் மறுபடி சுட ஆரம்பிக்கிற இடம் மகத்தானது. அந்த இருவருக்கும் இடம் கொடுத்து, கூடவே ஓடி, படகுவரை கொண்டுவந்து விடுகிறவள் மாரிச்கா. அவளும் அகதிதான். அவள் படகில் ஏறவில்லை. சற்று நேரத்தில் விமானங்கள் வந்து அந்த ஊர்மேல் குண்டு போடுகின்றன. அவள் என்ன ஆனாள் என்ற கேள்வியே படத்துக்கு எழவில்லை.