பப்வா கோப்பை வாங்கியது வாசலில்

"டர்பன் கடற்கரையில் எல்லாரும் எப்போதும் குளித்தார்கள், பக்கத்து கோல்ஃப் கிளப்பிலேயே பப்வா சேவ்கோலம் ஜெயித்தாரே" என்று தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சிக் காலத்தைப் பற்றி ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பப்வா இந்திய வம்சாவளி கோல்ஃப் ஆட்டக்காரர். ஜெயித்தது சரி, 1963 நேட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டி. ஆனால் கிளப்புக்குள் விடவில்லை. வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் உள்ளே இருக்க, இவர் வெளியே மழையில் நின்று கோப்பை வாங்கினார். இதையா சமத்துவத்துக்குச் சாட்சி சொல்கிறீர்கள்?

அப்புறம் கடற்கரை. 'இந்தக் குளிக்கும் பகுதி வெள்ளை இனத்தாருக்கு மட்டும்' என்று மணலில் நட்டிருந்த பலகையில் ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ், ஜூலு மூன்றும் இருந்தன. தமிழில் எழுதவில்லை, எழுதாமலே நமக்குப் புரிந்தது. எல்லாக் கடற்கரைகளையும் திறப்பதாக அப்போதைய அதிபர் டி கிளர்க் அறிவித்தது 1989 நவம்பரில். பொது இடங்களை இனவாரியாகப் பிரிக்க 1953-இல் வந்த தனி வசதிச் சட்டம் ரத்தானது 1990-இல்தான்.