சனிக்கிழமை ஊர்வலமும் திங்கட்கிழமை வேலையும்

“தெருவுல நின்னு கத்துனா எந்த கவர்மென்ட்டுய்யா காது கொடுக்கும்?” என்று நண்பர் ஒருவர் நேற்று கேட்டார். அரை மணி நேரம் விடாமல் மல்லுக்கு நின்றேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

2003 பிப்ரவரி 15, சனிக்கிழமை. ஈராக் மீது போர் வேண்டாம் என்று உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான நகரங்களில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். லண்டனில் மட்டும் போலீஸ் சொன்ன கணக்கே ஏழரை லட்சம். நடத்தியவர்கள் இருபது லட்சம் என்றார்கள். ஐந்து வாரம்கூட ஆகவில்லை, மார்ச் 20-ல் போர் தொடங்கிவிட்டது. வந்தவர்கள் ஞாயிறன்று காலை நீட்டிப் படுத்திருப்பார்கள், திங்களன்று வேலைக்குப் போயிருப்பார்கள். ரயில் ஓடியது, கடை திறந்தது, வரி போய்ச் சேர்ந்தது. நக்கலாகச் சொல்லவில்லை. நானும் ஒரு ஊர்வலத்தில் தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டுவிட்டு, ராத்திரி போட்டோ போட்டு, எத்தனை லைக் என்று எண்ணிக்கொண்டு தூங்கியவன்தான்.

கூட்டத்தின் அளவை வைத்து நான் இப்போதெல்லாம் எதையும் எடைபோடுவதில்லை. நீங்கள் கையை எடுத்துக்கொண்டால் எதிராளிக்கு எது நின்றுபோகும்? அதைத்தான் பார்க்கிறேன்.

அமெரிக்காவின் மாண்ட்கமரியில் 1955 டிசம்பர் 1 அன்று, பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானார். அன்று ராத்திரியே ஜோ ஆன் ராபின்சன் என்கிற கல்லூரி ஆசிரியை, தான் வேலை பார்த்த கல்லூரிக்குள் போய், ஒரு சக ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் வைத்துக்கொண்டு விடிய விடிய சைக்ளோஸ்டைல் சுற்றினார். பஸ் ஏறாதீர்கள் என்று ஒரே தாளில் மூன்று நோட்டீஸ், பிறகு வெட்டிப் பிரிக்க வேண்டும். அப்படிப் பல்லாயிரம். அந்த ஊர் பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின மக்கள். அவர்கள் 381 நாள் பஸ் ஏறவில்லை. நடந்தார்கள், சொந்தக் கார்களை முறைவைத்து ஓட்டி ஆட்களை ஏற்றிப் போனார்கள். அந்தக் கார்களுக்கு உள்ளூரில் இன்சூரன்ஸ் கிடைக்காமல் போனபோது லண்டனிலிருந்து வாங்கினார்கள். இன்னொரு பக்கம் கோர்ட்டில் வழக்கு. கடைசியில் பஸ்ஸில் நிறம் பார்த்து உட்காரவைக்கும் சட்டத்தைச் செல்லாததாக்கியது அந்த வழக்குதான். போட்டோவில் நமக்குத் தெரிவது நடக்கிற கால்கள் மட்டும். இன்சூரன்ஸுக்கு அலைந்தவரை யார் போட்டோ எடுத்தார்கள்?

மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து டெல்லி எல்லையில் விவசாயிகள் 2020 நவம்பரில் வந்து உட்கார்ந்தபோது மாதக்கணக்கில் தாங்குகிற அரிசி பருப்போடு டிராக்டரில் வந்தார்கள். அரசோடு பதினோரு சுற்று பேச்சு. ஒரு சுற்றில் அரசு தந்த மதியச் சாப்பாட்டைத் தொடாமல், தாங்கள் கொண்டுவந்ததையே சாப்பிட்டார்கள். சட்டங்களை ஒன்றரை வருஷம் நிறுத்திவைக்கிறோம் என்றது அரசு. எழுந்திருக்கவில்லை. வந்து உட்கார்ந்து ஒரு வருஷம் கழித்து மூன்று சட்டமும் வாபஸ். உ.பி., பஞ்சாப் தேர்தல்கள் வாசலில் நின்றதும் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. கேட்ட குறைந்தபட்ச ஆதார விலைச் சட்டம் அப்போது கிடைக்கவில்லை. ஒன்றைத் தடுப்பது தெருவுக்குக் கைவந்த வேலை. புதிதாக ஒன்றை வாங்குவதுதான் இழுவை.

பொருளாதாரம் படுத்து மக்கள் தெருவுக்கு வந்த இலங்கையைப் பாருங்கள். 2022 ஜூலை 9-ல் ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் சனம் குதித்தது. 14-ம் தேதி ஜனாதிபதி கோட்டாபய ராஜினாமா. ஆனால் 20-ம் தேதி நாடாளுமன்றம் 134 ஓட்டில், அவர் பிரதமராக வைத்திருந்த ரணிலையே ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. 22 விடியும் முன்பே ராணுவம் வந்து, கொழும்பில் போராட்டக்காரர்கள் தங்கியிருந்த காலிமுகத்திடலில் அடித்துக் கூடாரங்களைப் பிரித்தது. தெருவில் நின்றவர்களுக்கு அந்த நாடாளுமன்றத்தில் ஆள் இல்லை, கதை அவ்வளவுதான். 2019 ஜனாதிபதித் தேர்தலில் மூன்று சதவீதம் வாங்கிய இடதுசாரித் தலைவர் அனுரகுமார 2024-ல் ஜனாதிபதியானார் என்றால், 2022-க்குப் பிறகான அந்த இரண்டு வருஷத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது.

இவ்வளவு சொல்லியும், என் அளவுகோல் வந்து முட்டிக்கொண்டு நிற்கிற இடமும் அதே நாட்டில்தான் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள். காலிமுகத்திடலுக்கு ஐந்து வருஷம் முன்னால். அங்கே மாளிகை விழுந்து ஆள் மாறி, மறுபடி ஆள் மாறியபோதும் இவர்கள் போராடிக்கொண்டுதான் இருந்தார்கள். பதில் கிடைக்காமலே பலர் செத்துப்போனார்கள். ஓடுகிற பஸ்ஸை நிறுத்த அவர்கள் கையில் எதுவுமில்லை. கொழும்பிலிருப்பவர்களின் திங்கட்கிழமை அவர்களால் ஒரு நாளும் கெட்டதில்லை. உறுதி போதவில்லை, திட்டம் போதவில்லை என்று அவர்கள் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியுமா?

நண்பரிடம் இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும். தோன்றவில்லை.