கை தட்டினால் திரும்பிப் பார்க்க அது என்ன கைக்குழந்தையா?

கை தட்டினார் ஐயா, கை தட்டினார். எங்கள் பிளாட் இரண்டாம் மாடி சார், பால்கனியிலிருந்து எட்டிக் குனிந்து, பஜனையில் தட்டுவது போல மூன்று தட்டு. அத்தோடு விட்டாரா? "ச்சூ ச்சூ... இங்க பாரு, இங்க பாரு!" என்று கொஞ்சல் வேறு. எதற்காம்? குருவி என் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றதாம். எனக்கு உதவி செய்தாராம்.

மூன்று நாள். சமையலறை ஜன்னலுக்குப் பின்னால், கேஸ் சிலிண்டருக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவே முக்காலி போட்டு மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறேன். லென்ஸ் நுழையக் கொசுவலையில் நானே கத்திரிக்கோலால் ஓட்டை போட்டேன். லென்ஸ் வெளியே போன வழியில் கொசு உள்ளே வந்தது. அதற்கு வீட்டில் வாங்கிய பேச்சைத் தனிப் பதிவாகத்தான் எழுத வேண்டும்.

வந்திருந்த விருந்தாளி யார் தெரியுமா? ஆறுமணிக்குருவி! இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே இறங்கி வருகிற ஜீவன். ஐம்பது அறுபது கிராம்தான் தேறும். ராத்திரியில் பறந்து வரும். செப்டம்பர், அக்டோபரில் சென்னைக்கு வந்து சேரும்போது சில சமயம் அப்படியே சோர்ந்து யார் வீட்டுக் கொல்லையிலாவது இறங்கிவிடும். இந்த வருஷம் அது நங்கநல்லூரில், எங்கள் பிளாட்டின் பின்பக்கத்து நான்கடிச் சந்தில், மோட்டார் ரூமுக்கும் நந்தியாவட்டைக்கும் நடுவில் இறங்கியிருக்கிறது. காட்டுக்குப் போய் லட்ச ரூபாய் லென்ஸோடு ஜீப்பில் அலைகிறவனுக்குக் கிடைப்பது எனக்குச் சாம்பார் கொதிக்கிற இடத்தில் கிடைக்கிறது. விடுவேனா?

அது ஏன் அங்கே வந்தது என்றால், சருகு. கீழே கிடக்கும் இலையை அலகால் புரட்டிப் புரட்டிப் புழுவும் பூச்சியும் தின்கிற பறவை அது. சிமென்ட் தரையில் அதற்கு என்ன வேலை? அந்தச் சருகைக் காப்பாற்ற நான் பட்ட பாடு! அதே இரண்டாம் மாடி சார்தான் எங்கள் அசோசியேஷன் செயலாளர். பெருக்கி அள்ளி மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். போய்க் கெஞ்சினேன். "தம்பி, டெங்கு வந்தா நீங்க பொறுப்பா?" என்றார். சார், டெங்குக் கொசு காய்ந்த இலையில் முட்டை போடாது. தேங்கின நல்ல தண்ணீரில் போடும். உங்கள் பால்கனி மணி பிளான்ட் தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு இருக்கிறதே, அதில் போடும். இதை நான் சொல்லவில்லை. "ஒரு வாரம் டைம் குடுங்க சார்" என்றுதான் சொன்னேன். அவ்வளவுதான் நம் வீரம்.

சரி, சம்பவத்துக்கு வருகிறேன்.

சாயங்காலம் 5.35. நந்தியாவட்டைக்கு உள்ளேயிருந்து விசில். இரண்டே சுரம். பெயர்தான் ஆறுமணிக்குருவி, ஆனால் அது நம் கடிகாரத்தையா பார்க்கும்? அக்டோபரில் ஆறு அடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது, அது பாட்டுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. நான் குக்கரை அணைத்தேன். மூன்றாவது விசில் வரவில்லை, பருப்பு வேகவில்லை, பரவாயில்லை என்று அணைத்தேன்.

5.39. வெளியே வந்தது. முதலில் தலை. மஞ்சள் பாய்ந்த தவிட்டு நிறம், கண்ணுக்குக் குறுக்கே மை இழுத்த மாதிரி கறுப்புப் பட்டை. இரண்டு தத்து. நின்றது. ஒரு வேப்பிலைச் சருகைத் தூக்கி எறிந்தது, அடியில் ஒன்றுமில்லை. பச்சை முதுகு, தோளில் நீலம், வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. அந்தக் குட்டை வாலை மெதுவாக ஏற்றி இறக்கியது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

வெளிச்சம் இல்லை. கேமராவின் ஒளி உணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400-க்கு ஏற்றினேன். ஷட்டர் திறந்திருப்பது ஒரு நொடியில் 80-ல் ஒரு பங்கு. 400 மில்லிமீட்டர் லென்ஸை அந்த வேகத்தில் அசையாமல் பிடிக்க வேண்டுமென்றால் இதயம்கூடத் துடிக்கக் கூடாது. ஆட்டோபோகஸ் என்ற மகராசன் பறவையை விட்டுவிட்டு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த ஓர் இலையைப் பிடித்துக்கொண்டான். அதைத் திட்டி, கையால் போகஸ் திருப்பி, பறவை முழுசாகச் சட்டத்துக்குள் வந்தது. முதுகு காட்டி நின்றது. நிற்கட்டும். இன்னும் இரண்டு தத்து, தானாகத் திரும்பும். மூன்று நாளாக அப்படித்தான் செய்கிறது, எனக்கு அதன் டைம்டேபிள் மனப்பாடம்.

ஒரு தத்து. நான் விரலை வைத்தேன். தலை லேசாகத் திரும்பியது.

பட், பட், பட். "ச்சூ ச்சூ, இங்க பாரு!"

என் கேமராவில் இருப்பது: 14 படம். பதிமூன்றில் சருகு. ஒன்றில் மேல் மூலையில் பச்சையாக ஒரு தீற்றல். தொட்டுக்கொள்ளக் கொத்தமல்லிச் சட்னி என்று சொன்னால் நம்புவீர்கள்.

காட்டுயிர் எழுத்தாளரும் புகைப்படக்காரருமான மா. கிருஷ்ணன் மயிலாப்பூரில் இருந்துகொண்டு காக்கையையும் அணிலையும் பற்றிக்கூட எழுதினார். 1950-லிருந்து 1996-ல் சாகும்வரை பத்திரிகையில் பத்தி எழுதியவர். கறுப்பு வெள்ளை பிலிம், தானே பொருத்திச் சேர்த்த கேமரா. பெரிய மனுஷர், மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு மேல் மாடியில் செயலாளர் இருந்திருக்க மாட்டார்.

இதோடு முடிந்தால் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன். கைதட்டலுக்குப் பயந்து மேலே பறந்த குருவியை இரண்டு காக்கை துரத்தியிருக்கின்றன. அது தப்பித்து எங்கே நுழைந்தது? சாட்சாத் நம் செயலாளர் சார் வீட்டு வாஷிங் மெஷின் மேல். அவர் போனை எடுத்து, ஓரடி தூரத்தில், டியூப் லைட் வெளிச்சத்தில், 'டிக்'. அப்புறம் ஜன்னலைத் திறந்துவிட்டு அனுப்பிவைத்தாராம். அந்த மட்டும் நல்ல மனுஷர்.

காலையில் பிளாட் குரூப்பில் வந்தது. ஊசி போலக் கூர்மை. இறகு இறகாக எண்ணலாம். கண்ணுக்குள் டியூப் லைட் தெரிகிறது. கீழே தாமரைப்பூ ஒட்டி 'இனிய காலை வணக்கம்'. இருபத்தேழு பேர் கைகூப்பியிருக்கிறார்கள். ஒருவர் மீன்கொத்தி என்கிறார், இன்னொருவர் பஞ்சவர்ணக்கிளி என்கிறார், மூன்றாம் மாடி அம்மா இது வந்தால் வீட்டில் பணம் சேரும் என்கிறார். மாடிப்படியில் பார்த்து சார் கேட்டார்: "தம்பி, இதுக்கா மூணு நாள் உக்காந்திருந்தீங்க?"

சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்ய? அவரும் சிரித்தார். பேரனுக்கு அடுத்த மாசம் ஆயுஷ்ஹோமமாம், கேமராவோடு வரச் சொன்னார். குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை என்றால் கை தட்ட அவர் இருக்கிறாராம்.

வருகிறேன் சார். ஆனால் ஒன்று கேட்க வேண்டும், ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது. ஆகஸ்டில் லிப்ட் ரிப்பேர் என்று வீட்டுக்கு 3,500 ரூபாய் வாங்கினீர்களே, தரைத்தளத்தில் குடியிருக்கிற நான் அந்த லிப்டில் ஏறி எங்கே போகட்டும்?