கேட்டா கோவிச்சுக்குவாரோன்னு நினைக்காதீங்க

"முழுசா இழும்மா. தீருற மட்டும் இழு" என்றார் மெக்கானிக் அண்ணாச்சி.

திருநெல்வேலி பெருமாள்புரத்தில் ஒரு வீட்டு வாசல். நான் வாங்கலாம் என்று ஏறக்குறைய முடிவு பண்ணிவிட்ட பழைய கார். டிரைவர் சீட் பெல்ட் நாம் தினமும் இழுக்கிற அளவு வரைக்கும் சுத்தமாக இருந்தது. அதைத் தாண்டி இழுத்ததும் ஒரு சாண் நீளத்துக்குச் செம்மண் கறை. நகத்தால் சுரண்டினேன், பொடியாக உதிர்ந்தது. அண்ணாச்சி எதுவும் பேசாமல் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியைத் தூக்கி வைத்துவிட்டு, அந்தக் குழிக்குள் கையை விட்டுத் துழாவி விரலைக் காட்டினார். காய்ந்த வண்டல். அதோடு மிளகு அளவுக்கு ஒரு நத்தைக்கூடு.

தெருமுனை வந்த பிறகுதான் சொன்னார். "வெள்ளத்துல நின்ன வண்டிம்மா. வேண்டாம்."

2023 டிசம்பர் 17, 18 நம்ம பக்கத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஜங்ஷன், மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை என்று தெருத்தெருவாகத் தாமிரபரணி ஏறி வந்தது. வாசலில் நின்ற கார்கள் எல்லாம் தண்ணிக்குள். வண்டி மூழ்கினது யாருடைய குற்றமும் இல்லை. இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்காதவர்களுக்கு, இன்ஜினுக்குள் தண்ணீர் போன செலவு பெரும்பாலும் கைக்காசுதான். அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனால் சொல்லி விற்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் "ஒரு சொட்டுத் தண்ணி ஏறல" என்றார். கழுவி, சீட் கவர் மாத்தி, பாலிஷ் போட்டுவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே வயரிங் கனெக்டர்கள் பச்சை பூத்துப்போய் ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழித்துத்தான் ஒவ்வொன்றாகக் கைவிடும். ஏர்பேக் விரியுமா விரியாதா என்பது மோதுகிற அன்றைக்குத்தான் தெரியும். பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டப்போகிற வண்டி இது.

இதில் என்னை இன்னும் உறுத்துவது வேறு. அந்த வீட்டில் காபி கொடுத்தார்கள். எந்த ஊரு என்றார்கள். "அம்பாசமுத்திரமா, அங்க எந்தத் தெரு?" என்று விசாரித்து, இரண்டு சொந்தக்காரர் பேரும் ஒத்துப்போய்விட்டது. அதுக்கு மேல் டிக்கியைத் திறந்து காட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணாச்சி கூட வராமல் இருந்திருந்தால் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்திருப்பேன். பெல்ட்டை இழுத்தபோது அந்த வீட்டுக்காரர் என்னிடம் பேசவில்லை. என் தம்பியைப் பார்த்து, "உங்க அக்கா ரொம்பச் சந்தேகப்படுதாவளே" என்றார். பணம் என்னுடையது, ஓட்டப்போவதும் நான். நம் ஊரில் கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்று ஆகிவிட்டது. அதுவும் பெண் கேட்டால் இன்னும் ஒரு படி கூட.

இந்தக் கூச்சத்தால் விற்கிறவருக்கும் ஆபத்து. எங்கள் சித்தப்பா கல்லிடைக்குறிச்சியில் வேனை விற்றார். வாங்கினவர் பழகின ஆள் என்பதால் பேர் மாத்துகிற 29, 30 பாரங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அந்த ஆள் பேர் மாத்தவே இல்லை, இன்னொருத்தருக்குத் தள்ளிவிட்டார். இன்சூரன்ஸ் புதுப்பிக்காமலே ஓடியிருக்கிறது. ஒரு விபத்து. சம்மன் வந்தது சித்தப்பா வீட்டுக்கு. "எப்பவோ வித்துட்டேனே" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ஆர்.சி.யில் அவர் பேர் இருக்கிறதே. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவு சொல்கிறது. பல கை மாறிப்போன ஒரு காரின் விபத்து வழக்கில், ஆர்.சி.யில் பேர் உள்ளவர்தான் உரிமையாளர், நஷ்டஈடு அவர் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நிரப்பாத ஓபன் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்குகிறவருக்கும் சொல்கிறேன்: இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாத்தக் கேட்டு எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வண்டிக்கு அடிபட்டால் கிளெய்ம் கேட்டு நிற்க முடியாது.

கடைசியில் நான் வாங்கினது தியாகராஜநகரில் ஒரு ரிட்டயர்டு சாரின் வண்டி. டி.என். 72, ஒரே ஓனர். இந்தத் தடவை போனிலேயே சொல்லிவிட்டேன், "நாங்க வர்றதுக்கு முன்னால ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க சார்" என்று. போனதும் அண்ணாச்சி முதலில் பானெட் மேல் கை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது, முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணவில்லை. அப்புறம் அடியில் படுத்துத் துரு பார்த்தார். உவரி, திருச்செந்தூர் பக்கம் உப்புக்காத்தில் நின்ற வண்டி என்றால் அங்கேதான் தெரியுமாம். வண்டி நன்றாக இருந்தது. ஆனால் ஆர்.சி.யில் பேங்க் ஹெச்.பி., அதாவது வண்டி மேல் லோன் இருக்கிறது என்கிற பதிவு, அப்படியே கிடந்தது.

"லோன் எப்பவோ கட்டி முடிச்சாச்சும்மா" என்றார். முடித்திருப்பார், நம்புகிறேன். இருந்தாலும் பேங்க்கிலிருந்து பாக்கி இல்லை என்கிற என்.ஓ.சி.யும் 35ஆம் பாரமும் வந்து ஹெச்.பி. கேன்சல் ஆகிற வரைக்கும் பாதிப் பணத்துக்கு மேல் தர முடியாது சார் என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரிதாம்மா. என் மவ வண்டி வாங்கப் போனாலும் இதத்தான் சொல்லச் சொல்லுவேன்" என்றார். மூன்று வாரம் ஆனது. வீட்டில் எல்லாருக்கும் பொறுமை போய்விட்டது, நான் அசையவில்லை. சாவி கொடுத்த அன்று டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதச் சொன்னவர் அவர்தான். "காலை 10.40க்கு மேல நீ பொறுப்பு, அதுக்கு முன்னால நான் பொறுப்பு" என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவரிடம் ஒரு காப்பி, என்னிடம் ஒன்று. போன வாரம் என் பேரில் ஆர்.சி. வந்தது. முதலில் அவருக்குத்தான் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

அதை அப்பாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு பழைய டைரியோடு வந்தார். 2011இல் அவர் விற்ற பைக்கின் நம்பர் அதில் இருந்தது. "இத கொஞ்சம் பாரு" என்றார். அரசாங்கத்தின் பரிவாகன் இணையதளத்தில் போட்டுப் பார்த்தோம். பேரைச் சில எழுத்துகளை மறைத்துத்தான் காட்டும். ஆனால் தன் பேர் தனக்குத் தெரியாதா? அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். நாளைக்கு இரண்டு பேரும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகிறோம்.