அந்த 60 நாள் பெற்றவளுடையது

"பிள்ளையை எழுதிக் கொடுத்தாச்சு" என்று நம்ம மதுரைப் பக்கம் சொல்வார்கள். எதில் எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டால், நோட்டரி முத்திரை குத்திய ஒரு ஸ்டாம்ப் பேப்பரை எடுத்துக் காட்டுவார்கள். யாரென்றே தெரியாத ஒரு தம்பதிக்குப் பெற்றவள் ஆஸ்பத்திரி வார்டில் வைத்துப் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போட்ட கையெழுத்து அது. அதை வைத்து அந்தக் குழந்தை யாருக்கும் பிள்ளை ஆகாது. கைமாறிய விதத்தைப் பொறுத்து, குழந்தைகளின் பாதுகாப்பையும் தத்தையும் ஒழுங்குபடுத்தும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 80ஆம் பிரிவில் 3 வருடம் வரை சிறை. பணம் கைமாறியிருந்தால் 81ஆம் பிரிவு, 5 வருடம் வரை. ஆஸ்பத்திரி ஊழியரே அதற்கு உடந்தை என்றால் 3 வருடத்துக்குக் குறையாமல் 7 வருடம் வரை.

வாங்கினவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பெற்றவளைப் பற்றிப் பேச வேண்டும். தத்து விவகாரம் என்றாலே கலெக்டர் உத்தரவு, கோர்ட் உத்தரவு என்று கடைசிக் காகிதத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். பெற்றவளின் உரிமை அங்கே இல்லை. அதற்குப் பல மாதம் முன்னால், குழந்தைகள் நலக்குழு என்ற சட்டப்படியான குழுவின் முன்னால், பிள்ளையை ஒப்படைக்கிறேன் என்ற ஒப்படைப்புப் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போடும் நாளிலும், மனசு மாறினால் அதைத் திரும்பப் பெற அவளுக்குள்ள அடுத்த 60 நாளிலும்தான் அந்த உரிமை இருக்கிறது.

வளர்க்க முடியாத நிலையில் இருக்கும் தாயோ பெற்றோரோ குழந்தையோடு நேரில் நலக்குழு முன் வர வேண்டும். குழு விசாரிக்கும், ஆலோசனை சொல்லும். கூட இருந்து வளர்க்க என்ன உதவி கிடைக்கும் என்று அப்போதே எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் முடியாது என்றால்தான் பத்திரம். கல்யாணமானவர்கள் என்றால் கணவன், மனைவி இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். கல்யாணம் ஆகாத தாய் என்றால் அவள் கையெழுத்து மட்டும் போதும். அவளே 18 வயது ஆகாதவள் என்றால் கூட வந்த பெரியவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். அவர் சாட்சி, அவ்வளவுதான். அவளுக்குப் பதிலாக முடிவெடுக்கும் ஆள் அவர் இல்லை. நடைமுறையில் சறுக்குவது இங்கேதான். மானம் போகிறது என்று அப்பாவோ மாமாவோ முன்னால் உட்கார்ந்து பேச, அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி பேனாவை வாங்குகிறாள். குழு உறுப்பினர்கள் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகப் பேச வேண்டும். பேசாமல் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று நான் ஏற்கமாட்டேன்.

பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, மிரட்டவில்லை, காசு வாங்கவில்லை என்று ஒரு வரி. 60 நாளுக்குள் மனசு மாறினால் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அதன் பிறகு குழந்தை மேல் பாத்தியதை இல்லை என்று ஒரு வரி. இன்னொரு வரியை அவசரத்தில் யாரும் படித்துக் காட்டுவதில்லை: வளர்ந்த பிறகு பிள்ளை வேரைத் தேடி வந்தால் என் பெயரையும் முகவரியையும் சொல்லலாமா, கூடாதா. இதற்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும். பிரசவமாகி ஒரு வாரத்தில், பால் கட்டி நெஞ்சு வலிக்கிற நேரத்தில், இருபது வருடம் கழித்து வரப்போகும் ஒரு கேள்விக்கு அவளிடம் பதில் கேட்கிறோம். நிறுத்தி, நிதானமாக, தமிழில் வாசித்துக் காட்டி, அவளுக்கு விளங்கிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் எழுத வேண்டும். அவளுக்காக வேறு யாரும் அதை நிரப்பக் கூடாது.

60 நாள் கழிந்ததும் குழுவின் மூன்று உறுப்பினர்களாவது சேர்ந்து, குழந்தை தத்துக்குச் சட்டப்படி தகுதியானது என்று அறிவிப்பார்கள். அதன் பிறகு காரா (மத்திய அரசின் தத்து ஆணையம்) இணையதளத்தில் வரிசையில் காத்திருக்கும் தம்பதிக்குக் குழந்தை காட்டப்படும். முதலில் வளர்ப்புக்காக ஒப்படைப்பார்கள். தத்து உத்தரவுக்கான மனு அதற்குப் பிறகுதான். அந்த மனுவில் எதிர்மனுதாரர் என்று யாருமே கிடையாது. பெற்றவளுக்கு நோட்டீஸ் போகாது. விசாரணையும் மூடிய அறையில். அவள் யார் என்பது வெளியே தெரியக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது, சரிதான். ஆனால் ஒப்படைப்பு கோணலாக நடந்திருந்தால், அதைச் சொல்ல அந்த அறையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

2021இல் திருவனந்தபுரத்தில் நடந்தது நினைவிருக்கும். தாய்க்குத் தெரியாமல் அவளுடைய வீட்டாரே குழந்தையைக் கொடுத்துவிட்டார்கள் என்று அவள் புகார் சொன்னாள். குழந்தை அதற்குள் ஆந்திரத்தில் ஒரு தம்பதியிடம் வளர்ந்துகொண்டிருந்தது. இறுதி உத்தரவு வரும் முன் குடும்ப நீதிமன்றம் நிறுத்தியது, டி.என்.ஏ. சோதனை நடந்தது, நவம்பரில் தாயிடம் குழந்தை திரும்பியது. பாசத்தோடு வளர்த்த அந்தத் தம்பதியும் அன்றைக்கு ஒரு பிள்ளையை இழந்தார்கள். முதல் கையெழுத்தைச் சரியாக வாங்காததற்கு இரண்டு வீடு அழுதது.

2022 செப்டம்பர் 1 முதல், இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி, தத்து உத்தரவை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியர் போடுகிறார். இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். வேகத்தை நான் குறை சொல்லவில்லை. கோர்ட்டில் தேங்கிக் கிடந்த நாட்களில் பள்ளிக்கூடச் சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் வெள்ளம், திருவிழா, தேர்தல் என்று ஆயிரம் வேலைக்கு நடுவே கோப்பு மேசைக்கு வரும்போது, ஒப்படைப்புப் பத்திரத்தின் தேதியையும் தகுதி அறிவிப்பின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் 60 நாள் முழுதாக இருக்கிறதா? இருவர் கையெழுத்து வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறதா? இந்த இரண்டையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

தொட்டில் விஷயமும் சொல்ல வேண்டும். வளர்க்க முடியாத குழந்தையை விட்டுப் போக அரசு தொட்டில் வைத்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி 2001இல் மதுரைக்கும் வந்தது. உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்களுக்கு நேர்ந்ததை அறிந்தவர்களுக்கு அந்தத் தொட்டிலின் அருமை தெரியும். விட்டுப் போனவள் திரும்பி வரப் பயப்படுவது போலீஸுக்காக. கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட குழந்தை பற்றிய விசாரணையில் பெற்றவர்கள் மேல் எப்.ஐ.ஆர். போடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 38ஆம் பிரிவே சொல்கிறது. இதை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையச் சுவரிலும் தமிழில் எழுதி வைக்கலாம்.

சொந்தத்துக்குள் கொடுக்கும் தத்து வேறு கணக்கு. இந்துக்களுக்கு 1956 தத்துச் சட்டம் இருக்கிறது. கொடுப்பவர், எடுப்பவர் இரு தரப்பும் கையெழுத்திட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் 16ஆம் பிரிவு அதைச் செல்லும் என்றே கருதும். ஆனால் பெற்றவர்களில் ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் கொடுக்க முடியாது. தாயும் தகப்பனும் இல்லாத பேரனை அப்பத்தா நேரே தத்துக் கொடுக்கவும் முடியாது. அவர் காப்பாளர் என்ற முறையில் மாவட்ட நீதிமன்றத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி இல்லாத பத்திரம், பதிவாகியிருந்தாலும், பின்னால் சொத்து வழக்கு வரும்போது ஆட்டம் காணும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இளைஞர் நீதிச் சட்டம்தான் வழி. அதில் உறவினர் என்றால் சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா, தாத்தா, பாட்டி. ஒன்றுவிட்ட உறவு அந்த வரையறைக்குள் வராது.

ஒப்படைத்த பிறகு மனசு மாறியவர்கள் யாராவது இதைப் படித்தால்: 60 நாள் என்பது பிள்ளை பிறந்த தேதியிலிருந்து இல்லை, பத்திரத் தேதியிலிருந்து. காப்பகத்துக்குப் போய் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். நலக்குழுவுக்குக் கைப்பட இரண்டு பிரதி மனு எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். போக வழி தெரியவில்லை என்றால் 1098க்கு அழைத்து, இன்று எத்தனையாவது நாள் என்பதை முதலில் சொல்லுங்கள்.